மயில்துத்தத்தைச் சூடாக்கினால் இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? ஒரு மார்க் பஞ்சாயத்து

தென்றல்_அம்மா | செவ்வாய், இரவு 8:40

பையன் ஏழாவது படிக்கிறான். அறிவியல் தேர்வில் ஒரு கேள்வி: "நீல நிற மயில்துத்தத்தைச் சூடாக்கும்போது வெள்ளைத் தூளாகிறது. அதில் நீர் சேர்த்தால் மீண்டும் நீலமாகிறது. இது எவ்வகை மாற்றம்?" (மயில்துத்தம்னா காப்பர் சல்பேட்.)

இவன் வேதியியல் மாற்றம்னு எழுதியிருக்கான். தப்பு போட்டு, பக்கத்திலேயே சிவப்பு மையில் "மீள் மாற்றம், எனவே இயற்பியல்" என்று எழுதிக் கொடுத்திருக்காங்க. நோட்டிலும் அப்படித்தான் இருக்கு. மீள்வது எல்லாம் இயற்பியல், மீளாதது எல்லாம் வேதியியல்.

இவன் ஒத்துக்கவே மாட்டேங்கிறான். "கலரே மாறுதேம்மா" என்பதுதான் அவன் கட்சி. நான் படிச்சது பி.காம். எது சரி? மார்க்குக்காகக் கேட்கலை, அவனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியணும்.

லிட்மஸ்தாள் | செவ்வாய், இரவு 9:05

மேடம், நான் டியூஷன் எடுக்கிறேன். கீழ் வகுப்புகளில் இப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். பனிக்கட்டி உருகும், மறுபடி உறையும்: இயற்பியல். காகிதம் எரிந்தால் சாம்பல், சாம்பல் திரும்பக் காகிதம் ஆகாது: வேதியியல். மயில்துத்தம் மீளுது, அதனால் இயற்பியல். விடைக்குறிப்பில் என்ன இருக்கோ அதை எழுதினால் மார்க். பையனைக் குழப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய_குடுவை | செவ்வாய், இரவு 10:22

லிட்மஸ் தம்பி, குழம்பியிருப்பது பையன் இல்லை. அவன் எழுதிய விடை சரி. சொன்ன காரணம்தான் போதாது. நிறம் மாறினாலே வேதியியல் மாற்றம் என்றால், கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும்.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வகத்தில் பிள்ளைகள் ஆசையாகச் செய்யும் சோதனை இது. சோதனைக் குழாயில் மயில்துத்தப் பொடியைப் போட்டு, வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்துச் சூடு காட்டுவோம். முதலில் குழாயின் வாயருகே நீர்த்துளிகள் முத்து முத்தாகத் திரளும். நீலம் வெளிறி, கடைசியில் சாம்பல் நிறம் கலந்த வெள்ளைத் தூள் மிஞ்சும். சாய்த்துப் பிடிக்கச் சொல்வது ஏன் என்றால், அந்தத் துளி திரும்ப ஓடிவந்து சுடு கண்ணாடியில் பட்டால் குழாய் விரிசல் விட்டுவிடும்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? பொடி பார்க்க உலர்ந்துதான் இருந்தது. நீலப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட் அலகுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. நான்கு நேரடியாகத் தாமிர அயனியோடு பிணைந்திருக்கும். ஐந்தாவது, ஹைட்ரஜன் பிணைப்பால் சல்பேட்டை ஒட்டி நிற்கும். தாமிரத்தைச் சுற்றி நீர் இருப்பதால்தான் அந்த நீலம். அந்தப் பிணைப்பு அறுந்து, சுற்றி இருப்பவை மாறும்போது நிறமும் போய்விடுகிறது. எடை போட்டுப் பார்த்தால் 100 கிராம் நீலப் படிகம் சுமார் 64 கிராம் வெள்ளைத் தூளாகும். 36 கிராம் நீராகப் போயிருக்கும்.

ஆறிய தூளில் இரண்டு சொட்டு நீர் விட்டுக் குழாயைத் தொட்டால் சுடும், புதுப் பிணைப்பு உண்டாகும்போது வெளியேறும் வெப்பம் அது. பழையபடி நீலம் வருவது உண்மை. ஆனால் போகும்போதும் வேதிவினை, வரும்போதும் வேதிவினை.

ஒரு எச்சரிக்கை: மயில்துத்தம் நஞ்சு. பையன் ஆர்வக்கோளாறில் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கிவிடப் போகிறான்.

ரெண்டாம்பெஞ்ச் | புதன், காலை 7:15

குடுவை சார், ஒரு சந்தேகம். ஈரத்துணியைக் காயப்போட்டாலும் தண்ணி போகுது, நனைச்சா திரும்ப வருது. துணி காயறதை வேதியியல் மாற்றம்னு யாரும் சொல்றதில்லை. மயில்துத்தத்தில் இருந்து தண்ணி போனா மட்டும் என்ன ஸ்பெஷல்?

பழைய_குடுவை | புதன், காலை 9:48

கேட்க வேண்டிய கேள்வி. துணி எவ்வளவு தண்ணீரை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் நனையலாம், சொட்டச் சொட்ட நனையலாம். அதற்கென்று கணக்குக் கிடையாது. மயில்துத்தம் ஒன்றுக்கு ஐந்து என்று கணக்காகப் பிடித்து வைத்திருக்கும். ஆறாவது மூலக்கூறு வந்தால் படிகத்துக்குள் இடம் இல்லை, வெளியே ஈரமாகத்தான் நிற்கும். இப்படி மாறாத விகிதம் இருந்தால் அது கலவை இல்லை, சேர்மம். இதை அழுத்திச் சொன்னவர் பிரான்சின் ஜோசப் புரூஸ்ட். 1799 இல் அவர் கையில் எடுத்த பொருளும் ஒரு தாமிரச் சேர்மம்தான், காப்பர் கார்பனேட்.

அதோடு துணி காய்ந்த பிறகும் அதே நூல்தான். இங்கே படிகத்தின் அமைப்பே வேறு. கண்ணாடி போன்ற நீலக் கல் இருந்த இடத்தில் வெறும் தூள்.

காளவாய்_ஊர்க்காரன் | புதன், மதியம் 1:30

மீண்டால் இயற்பியல்னு சொல்றவங்க எங்க ஊர் சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் ஒரு நாள் வந்து நிக்கணும். இப்ப காளவாய் இல்லை, சின்ன வயசில் பார்த்தது.

சுண்ணாம்புக்கல்லையும் கரியையும் அடுக்கடுக்கா போட்டு எரிப்பாங்க. உள்ளே 900 டிகிரி கிட்ட போகணும். 100 கிலோ சுத்தமான கல் போட்டா 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. பாக்கி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா புகையோட போயிடும். கல் உருவம் அப்படியே இருக்கும், கையில் எடுத்தா காத்து மாதிரி லேசா இருக்கும்.

அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணி ஊத்தினா நீறும். பார்த்தவங்களுக்குத் தெரியும், முதல்ல ஒண்ணும் ஆகாது. பிறகு கல்லுல சடசடன்னு விரிசல் விடும், அப்புறம் தொட்டி முழுக்கக் கொதிக்கும், அடுப்பே இல்லாம. ஆவி முகத்துல அடிக்கும். எங்களைக் கிட்டயே விட மாட்டாங்க, கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணியைக் குடிச்சு 74 கிலோ நீற்றின சுண்ணாம்பாகும்.

அதை அரைச்சு சுவத்துல பூசுறோம். அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்துக்கிட்டு, தண்ணியை விட்டுட்டு, பழையபடி சுண்ணாம்புக்கல்லாவே ஆயிடுது. திரும்ப 100 கிலோ. பழைய வீட்டுச் சுவத்துல ஆணி இறங்காததுக்கு இதுவும் ஒரு காரணம். புறப்பட்ட இடத்துக்கே வந்தாச்சு, அப்ப இது மீள் மாற்றம், அதனால இயற்பியல் மாற்றம்னு எழுதுவீங்களா? நடுவுல நடந்த மூணும் வேதிவினை.

வடமராட்சி_நிலா | புதன், மாலை 6:02

இலங்கைப் பாடப்புத்தகங்களில் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் எண்டு வரும். இதே சண்டை இங்கேயும் இருக்கு.

சுண்ணாம்பு எண்டதும் ஆலாத்தித் தட்டு ஞாபகம் வந்தது. மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு சேர்த்தால் இரத்தச் சிவப்பு. அதுக்குள்ள தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சள். மஞ்சளில இருக்கிற குர்குமின், காரத்தில ஹைட்ரஜன் அயனியை இழந்து சிவக்குது, அமிலம் வந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுது. எத்தனை தரமும் போய் வரலாம். முழுக்க இரசாயன மாற்றம். தென்றல் அக்கா, உங்கட மகனுக்கு மயில்துத்தத்தை விட இது பாதுகாப்பு, குசினியிலேயே செய்யலாம். சுண்ணாம்பு கண்ணில படாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

லிட்மஸ்தாள் | புதன், இரவு 8:11

சரி, மீள்வதெல்லாம் இயற்பியல் இல்லைன்னே வைத்துக்கொள்வோம். ஆனால் மீளாதது எல்லாம் வேதியியல், நிறம் மாறினால், வாயு வந்தால், வெப்பமோ ஒளியோ வந்தால் வேதியியல் என்று அடையாளங்கள் கொடுத்திருக்கே, அதையும் தூக்கிப் போடச் சொல்றீங்களா? நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் படிக அமைப்பையும் பிணைப்பையும் எப்படிச் சொல்றது?

ரெண்டாம்பெஞ்ச் | புதன், இரவு 8:30

மீளாததா? கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டா மீளுமா சார்? அரிசியை மாவாக்கினா திரும்ப அரிசி ஆகுமா? 😄

பழைய_குடுவை | புதன், இரவு 10:40

தம்பி, அடையாளங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவை துப்பு, தீர்ப்பு இல்லை. துப்புக் கிடைத்ததும் விசாரிக்க வேண்டும்.

ஒளியும் வெப்பமும்: பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறி ஒளிர்கிறது. ஸ்விட்சை அணைத்தால் அதே டங்ஸ்டன். எரியவில்லை, ஒளிர்ந்தது. கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால் அதே இழை நொடியில் எரிந்து ஆக்சைடாகிவிடும், அதுதான் வேதியியல் மாற்றம். ஒரே கம்பி, ஒரே சூடு, காற்று இருக்கிறதா இல்லையா என்பதில் கதை மாறுகிறது.

வாயு: கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் புஸ்ஸென்று பொங்குகிறது. உள்ளே அழுத்தி வைத்த கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது. அதில் மிகப் பெரும் பங்கு நீரில் கார்பன் டை ஆக்சைடாகவே கரைந்திருப்பது. கார்பானிக் அமிலமாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஆகவே அந்தப் பொங்கல் ஏறக்குறைய முழுக்க இயற்பியல். இதே நுரை சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் வந்தது என்றால், வாயு அங்கேயே புதிதாகப் பிறக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே நுரை.

வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முன்னால் இருந்த பொருளும் பின்னால் இருக்கும் பொருளும் அதே பொருளா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். பிணைப்பு, படிகம் எல்லாம் பத்தாம் வகுப்பில் வந்து சேரட்டும்.

சைட்_இன்ஜினியர் | வியாழன், காலை 6:50

எங்க தொழிலில் இந்த வித்தியாசம் தெரியாததால் வீணாப்போன கான்கிரீட் எக்கச்சக்கம், அதனால் நானும் சொல்றேன்.

"சிமெண்ட் காயட்டும்" என்று எல்லாரும் சொல்றோம். சிமெண்ட் காய்வதே இல்லை. அதில் இருக்கிற கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து புதுச் சேர்மம் ஆகுது, அதோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் வருது. கெட்டிப்படுவது அதனால்தான். தண்ணீருக்கு அடியில் போட்டாலும் இறுகும், பாலத்துக்குத் தூண் போடுறது அப்படித்தான். வெயிலில் "காய" விட்டால் வினை முடியும் முன்னாடியே தண்ணி ஆவியாகி, மேல்பகுதி பொடியாகும், வெடிப்பு விடும். சாதாரண சிமெண்டுக்குக் குறைஞ்சது 7 நாள் தண்ணி கட்டணும். வீட்டுக்காரர் வந்து "இன்னும் ஈரமா இருக்கே, நல்லா காயட்டும், தண்ணி ஊத்தாதீங்க" என்பார். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

வினையில் வெப்பமும் வரும். வீட்டுத் தளத்தில் தெரியாது. அமெரிக்காவில் 1930களில் ஹூவர் அணை கட்டும்போது கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய் பதிச்சுக் குளிர்ந்த தண்ணி ஓடவிட்டாங்க. இல்லைன்னா அந்த மொத்தம் தானா ஆற ரொம்பக் காலம் பிடிக்கும், வெடிச்சும் போகும்.

இதுக்கு நேர் எதிர் செங்கல் அறுக்கிற களம். அறுத்துக் காயவெச்ச பச்சைக்கல் உண்மையிலேயே காய்ந்ததுதான், இயற்பியல் மாற்றம். மழை பிடிச்சா மொத்தமும் திரும்பச் சேறு. அதையே சூளையில் வெச்சா 500 டிகிரி தாண்டினதும் களிமண் கனிமத்துக்குள் பிணைஞ்சிருக்கிற நீரும் வெளியேறி அமைப்பே மாறிடும், இரும்பு ஆக்சைடு சிவப்புக் காட்டும். அதுக்கப்புறம் தண்ணித் தொட்டியில் எத்தனை நாள் ஊறினாலும் மண்ணாகாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லலை.

தென்றல்_அம்மா | வியாழன், காலை 11:20

எல்லாருக்கும் நன்றி. பையன் நேத்து இதையெல்லாம் உட்கார்ந்து படிச்சான். மஞ்சள் சோதனை செஞ்சு சட்டையையும் சிவப்பாக்கிட்டான். இப்ப அவன் ஒரு கேள்வி கேட்கச் சொல்றான்: உப்பைத் தண்ணியில கரைச்சா உப்பு அதே பொருளா, வேற பொருளா? கண்ணுக்குத் தெரியலையே?

தூத்துக்குடி_பாத்தி | வியாழன், மதியம் 2:45

தம்பிகிட்ட சொல்லுங்க மேடம், எங்க ஊர்ப் பிழைப்பே அந்த உப்பைத் திரும்ப எடுக்கிறதுதான். கடல் தண்ணியைப் பாத்தியில் கட்டி வெயிலில் சுண்ட விடுவோம். முதல்ல ஜிப்சம் இறங்கும். போமே அளவு (தண்ணி எவ்வளவு அடர்த்தின்னு காட்டுற அளவு) 25 டிகிரி பக்கம் வந்ததும் உப்பு விளைய ஆரம்பிக்கும். முழுக்கச் சுண்ட விட்டா கெட்டுது, கடைசித் தண்ணியில மெக்னீசியம் உப்பு நிறைய, கசக்கும். அதை வடிச்சு விட்டுட்டுத்தான் உப்பு வாருவோம். வெயில் தண்ணியை எடுத்துக்குது, உப்பு அப்படியே இருக்கு. இதுல என்ன வேதியியல்?

ரெண்டாம்பெஞ்ச் | வியாழன், மதியம் 3:10

பாத்தி அண்ணா, அதே லாஜிக் திரும்பி வந்துடுச்சே. "திரும்பக் கிடைக்குது, அதனால இயற்பியல்" என்பதைத்தானே மூணு நாளா அடிச்சுத் துவைச்சிட்டிருக்கோம்!

பழைய_குடுவை | வியாழன், இரவு 9:30

ரெண்டாம்பெஞ்ச் சரியாகப் பிடித்துவிட்டான். உப்புத்தான் இந்த உரையாடலிலேயே சிக்கலான ஆள்.

முதலில் சர்க்கரை. அது கரையும்போது சர்க்கரை மூலக்கூறு உடைவதில்லை, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீருக்குள் பரவுகிறது. இயற்பியல், வழக்கே இல்லை. மறுமுனையில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. அது நீரில் கரையும்போது ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பே அறுந்து அயனிகள் புதிதாக உண்டாகின்றன. வேதியியல், இதிலும் வழக்கு இல்லை.

உப்பு நடுவில் நிற்கிறது. திண்மத்திலேயே சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, கரைசலிலும் அப்படியே. எனவே "அதே பொருள்" என்று ஒரு கட்சி. ஆனால் அவற்றைப் படிகத்தில் கட்டியிருப்பது அயனிப் பிணைப்பு. அது முழுக்கப் பிரிந்து நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, எனவே "வேதியியல்" என்று மறு கட்சி. கணக்கையும் பாருங்கள். ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) உப்புப் படிகத்தைப் பிரிக்க 787 கிலோ ஜூல் வேண்டும். நீர் வந்து சூழும்போது கிட்டத்தட்ட 783 திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் நான்கு. அதனால்தான் உப்பைக் கரைத்தால் டம்ளர் சுடுவதும் இல்லை, சில்லிடுவதும் அனேகமாகத் தெரிவதில்லை. வெளியே சாதுவாகத் தெரிவதற்கு உள்ளே நடக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் நேராகிப் போவதுதான் காரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் பனிக்கட்டி உருக 6 கிலோ ஜூல், கொதித்து ஆவியாக 41. இரண்டிலும் நீர் மூலக்கூறு நீர் மூலக்கூறாகவே இருக்கிறது. அதையே ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்க 286. உப்புப் படிகத்தைப் பிரிக்கும் 787 அதையும் தாண்டுகிறது, மிச்சம் நிற்கும் நான்கோ பனிக்கட்டி உருகுவதைவிடக் குறைவு.

பள்ளித் தேர்வில் உப்புக் கரைவதை இயற்பியல் என்றே எழுதட்டும். என்னைக் கேட்டால், கோடு அங்கே மங்கலாக இருக்கிறது என்பதே உண்மை. பிடிவாதமாக ஒரு பக்கம் தள்ளுவதில் வேதியியலுக்கு ஒரு லாபமும் இல்லை.

வடமராட்சி_நிலா | வெள்ளி, காலை 8:25

அவிச்ச முட்டையும் அந்த மங்கல் பக்கம்தானே? புரதத்தின்ர மடிப்பு குலையுது, ஆனால் அமினோ அமிலச் சங்கிலி அறுகிறதில்லை. 2015 இல் கலிபோர்னியாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் அவிச்ச முட்டை வெள்ளையில இருந்து லைசோசைம் எண்ட புரதத்தை யூரியாவில கரைச்சு, வேகமாகச் சுழலுற குழாயில விட்டுத் திரும்ப மடிச்சுக் காட்டினவை. அதுக்கு அந்த வருச இக் நோபல் பரிசும் (முதலில சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் குடுக்கிறது) கிடைச்சது. முழு முட்டையும் பச்சை முட்டையாகேல்லை, அது வேற கதை.

பழைய_குடுவை | வெள்ளி, காலை 10:05

அருமையான எடுத்துக்காட்டு. அதிலும் கந்தக அணுக்களுக்கு இடையில் சில புதுப் பிணைப்புகள் விழுகின்றன. அதனால் நான் முட்டையை வேதியியல் பக்கம் வைப்பேன். நிலாவோடு சண்டைக்கு வரமாட்டேன்.

லிட்மஸ்தாள் | வெள்ளி, மாலை 5:40

எனக்கு வேண்டியது வகுப்பில் செய்கிற மாதிரி ஒன்று. ஒரே பொருளில் இரண்டு மாற்றத்தையும் காட்டணும், "அதே பொருளா" என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கணும், கையைச் சுட்டுக்கக் கூடாது. மெழுகுவத்தி வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கு.

தென்றல்_அம்மா | வெள்ளி, மாலை 6:15

கற்பூரம்? எங்க பூஜை டப்பாவில் வெச்சது வெச்சபடியே சிறுத்துப் போகுது. பையன் அதையும் கேட்டுட்டான்.

பழைய_குடுவை | வெள்ளி, இரவு 9:12

அதேதான் சரியான பொருள். லிட்மஸ் தம்பி, இப்படிச் செய்யுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு வில்லைக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, கிண்ணத்தை வெந்நீரில் உட்கார வையுங்கள். கற்பூர ஆவியும் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிண்ணத்தின் மேல் குளிர்ந்த நீர் நிரப்பிய டம்ளரை வைத்து மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படியும். சுரண்டி எடுத்தால் அதே வாசனை. அதைத் தனியே எடுத்துப்போய்க் கொளுத்தினால் கற்பூரமாகவே எரியும். இது பதங்கமாதல், அதாவது திண்மம் உருகாமல் நேரே ஆவியாவது. இயற்பியல் மாற்றம். பூஜை டப்பாவில் நடப்பதும் இதுவே, ஆவி வெளியே போய்விடுகிறது அவ்வளவுதான்.

பிறகு வெந்நீரை அப்புறப்படுத்திவிட்டு, தட்டில் வேறொரு வில்லையை நீங்களே கொளுத்தி, சுடருக்கு மேல் இடுக்கியால் ஒரு தட்டைப் பிடியுங்கள். இம்முறை படிவது கரி. வாசனை பார்க்கச் சொல்லுங்கள், தட்டு ஆறியதும் அந்தக் கரியை மறுபடி கொளுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கற்பூரம் போல் பற்றாது. கற்பூரத்தின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விட்டது, எரியாத கார்பன்தான் தட்டில் ஒட்டியது.

லிட்மஸ்தாள் | வெள்ளி, இரவு 9:30

பாச்சை உருண்டை வெச்சு செய்யலாமா சார்? விலை கம்மி.

பழைய_குடுவை | வெள்ளி, இரவு 9:41

வேண்டாம். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனும் பதங்கமாகும்தான், ஆனால் மூடிய வகுப்பறையில் சூடாக்கிப் பிள்ளைகள் அந்த ஆவியை முகரக் கூடாது. கற்பூரத்துக்கும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள், ஒரு வில்லைக்கு மேல் வேண்டாம்.